வெறும் மண்ணுக்கு வேலி

பிப்ரவரி 3, திங்கள்

அவர் பெரியகுளத்துக்கு, அக்கா வீட்டுக்குப் போய் இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறது. கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை. கொடைக்கானல் குளிர் அவருடைய முழங்காலுக்கு ஆகவில்லை, கொஞ்சம் வெயில் காய்ந்துவிட்டு வருவார் என்று கேட்டவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டேன். கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போவது பெண்பிள்ளைகள் செய்கிற காரியம். அறுபத்தைந்து வயது ஆண்பிள்ளை டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனால் அதற்கு முழங்கால் வலி என்றுதான் பெயர்.

இந்த டயரி அவருக்கு வந்தது. கூட்டுறவு சங்கத்தில் வருடா வருடம் கொடுப்பார்கள். எந்த டாலியா எப்போது நட்டது, எப்போது பூத்தது என்று எழுதி வைப்பார். இந்த வருடம் எழுதுவதற்கு டாலியா இல்லை. டயரி வீணாகக் கூடாதே என்று நான் எழுதுகிறேன்.

பிப்ரவரி 5, புதன்

டாலியா ஏன் இல்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். நாளைக்கு யாரும் என்னைத் தப்பாகப் பேசக் கூடாது.

டாலியா பூத்து ஓய்ந்ததும் இவர் கிழங்குகளைத் தோண்டி எடுத்து, மணல் போட்ட சாக்கில் கட்டி, சாமான் அறையில் வைப்பார். மாசியில் திரும்ப நடுவார். அதில்தான் மே மாதப் பூக்கண்காட்சியில் கோப்பை வாங்குவார். ஹால் அலமாரியில் கோப்பைகள் வரிசையாக நிற்கின்றன. வாங்குவது அவர், துடைப்பது நான்.

பொங்கலன்று எங்கள் வீட்டில் கிழங்குக் குழம்பு. சேனை, கருணை, சர்க்கரைவள்ளி, மொச்சை எல்லாம் போட்டு வைப்பேன். சாமான் அறையில் வள்ளிக்கிழங்குச் சாக்கும் டாலியாச் சாக்கும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. பல்பு ஃப்யூஸ் போயிருந்தது. இரண்டு கிழங்கும் அக்கா தங்கை மாதிரி இருக்கும். தவறு யாருக்கும் வரும்.

குழம்பை அவர்தான் அதிகம் சாப்பிட்டார். "இந்த வருசம் வள்ளிக்கிழங்கு என்னமா இருக்கு குணா! இன்னொரு கரண்டி ஊத்து" என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ராத்திரிக்கும் அதே குழம்பு. மறுநாள் சாமான் அறைக்குள்ளிருந்து ஒரு அலறல். வீட்டில் ஏதோ அசம்பாவிதம் என்று பக்கத்து வீட்டுப் பரிமளம் ஓடி வந்துவிட்டாள்.

"ஒவ்வொரு கிழங்குலயும் பேர் எழுதி, தகரச் சீட்ட கம்பி போட்டுக் கட்டியிருந்தேனே! அத அவுத்துட்டா வெட்டுன?" என்று கேட்டார்.

இருட்டில் கம்பி எது வேர் எது என்று யாருக்குத் தெரியும் என்றேன். அவர் விறுவிறுவென்று உள்ளே போனார். பெட்டியை எடுத்தார். வாசலில் நின்று, "செண்பகத்தடியில மூணு வருசமா வெறும் மண்ணுக்குத் தண்ணி ஊத்துறியே, அதுல பூ வரட்டும். அன்னைக்கு வர்றேன்" என்றார்.

"வரும்" என்றேன். வேறெதுவும் நான் சொல்லவில்லை. இதுதான் நடந்தது.

பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம். பால்பாயசம் வைத்தேன், மிஞ்சிவிட்டது.

மதியம் போன் வந்தது. பெரியகுளத்திலிருந்து அமிர்தவல்லி மதினி, அவருடைய அக்கா.

"ஏம்மா குணா, உன் புருசன் என்ன இப்படி இருக்கான்? மாடியில போட்டிருந்த கீத்துப் பந்தல வந்ததும் வராததுமா பிரிச்சுப் போட்டுட்டான். ரோசாச் செடிக்கு வெயில் வேணுமாம். நான் வத்தல் காயப்போட்டா நடுவுல தொட்டியக் கொண்டாந்து வைக்கிறான்."

"நல்லாத்தானே மதினி இருக்காரு?"

"அவனுக்கென்ன, மூணு வேளையும் நல்லாத் திங்கிறான். கிழங்கு வச்சா மட்டும் தட்டத் தள்ளி விட்டுர்றான்."

"முழங்கால் எப்படி இருக்காம்?"

"முழங்காலா? அதுக்கென்ன வந்துச்சு?"

பேச்சை மாற்றிவிட்டேன். டெலிபோன் ஆபீஸில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் லைன் போட்டுக் கொடுத்து ரிட்டையர் ஆனவள் நான். மதினிக்குப் பக்கத்தில் ஒருவர் மூச்சை அடக்கிக்கொண்டு ஒட்டுக்கேட்பது எனக்குத் தெரியாதா? இருமலை வேறு அடக்கினார். பெரியகுளத்து வெயிலில் போய் ஒரு மனிதருக்கு எப்படிச் சளி பிடிக்கும்? மதினியிடம் கற்பூரவல்லி இருக்கிறதா என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

பிப்ரவரி 14, வெள்ளி

செண்பகத்தடியைச் சுற்றி வேலி போட்டேன். செடிக்கு முட்டுக் கொடுக்கிற அவருடைய டாலியாக் கம்புகள் இந்த வருடம் சும்மாதான் கிடக்கின்றன. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பரிமளம் எட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா, வெறும் மண்ணுக்கு வேலி போடுறீங்க?"

அவளுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன். மேல்ரோட்டில் மண் சரிந்த வருடம் சோலைக்காட்டு மண் எங்கள் பின்பக்கம் வந்து விழுந்தது. அதோடு ஒரு கிழங்கும் வந்திருக்க வேண்டும். அடுத்த கோடையில் செண்பக நிழலில் குடை விரித்த மாதிரி ஒரே ஒரு இலை வந்தது. பார்த்ததும் தெரிந்துவிட்டது, பாம்புப் பூ. காட்டுக்குள் மரநிழலில் மட்டும் வளரும். கோடை மழை விழுந்தால் மேலே வரும், மழைக்காலம் முடிந்ததும் அழுகி மறைந்துவிடும், மற்ற மாதமெல்லாம் மண்ணுக்குள் கிழங்காகத் தூங்கும். கிழங்கு பெருத்தால்தான் பூக்கும். பூ, நாகம் படமெடுத்த மாதிரி இருக்கும்.

"அப்ப இப்ப உள்ள என்ன இருக்கு?"

"கிழங்கு."

"பாத்தீங்களா?"

"தோண்டினா செத்துரும் பரிமளம்."

"பாக்காமலே எப்படிக்கா?" என்றாள். தினமும் கோயிலுக்குப் போகிற பெண் கேட்கிற கேள்வியா இது?

பிப்ரவரி 20, வியாழன்

நிழல் செடிக்கு உரமெல்லாம் வேண்டாம், மக்கிய சருகுதான் வேண்டும். காட்டில் அதற்கு யார் உரம் போட்டார்கள்? செண்பகச் சருகை வாரி மெத்தை மாதிரி பரப்பினேன். முதுகு பிடித்துக்கொண்டது. தைலம் தேய்க்க ஆள் இல்லை, அதாவது கை எட்டவில்லை.

அரிசி டிரம்முக்குப் பின்னால் காகிதத்தில் சுற்றி ஒரு கிழங்கு இருந்தது. முளை விட்டிருந்தது. யார் வைத்தார்களோ. மிஞ்சிய வள்ளிக்கிழங்காக இருக்கும். முளைத்ததைத் தூக்கிப்போட மனம் வராமல் ஒரு தொட்டியில் நட்டு முன்வாசல் படியில் வைத்தேன். காலை வெயில் அங்கேதான் விழுகிறது. நடும்போது இடைஞ்சலாக இருந்த தகரச் சீட்டை அவிழ்த்துப் பூஜை அலமாரி டிராயரில் போட்டுவிட்டேன்.

மார்ச் 2, ஞாயிறு

இன்றைக்குக் கோபமாக இருக்கிறேன், எழுதிவிடுகிறேன். வெயில் ஏறிவிட்டது, செண்பகத்தடியில் மத்தியானம் நேராக விழுகிறது. ஏன் விழுகிறது? தெற்குக் கிளை இல்லை. ஏன் இல்லை? போன சித்திரையில் நான் திருமங்கலத்துக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தபோது ஆள் வைத்து வெட்டிவிட்டார். டாலியாவுக்கு நிழல் விழுகிறதாம். அப்போதுதான் இலைக்கு நடுவில் முதல்முதலாக ஒரு மொட்டு எட்டிப் பார்த்திருந்தது. ஊரிலிருந்து வந்து பார்த்தால் இலையும் மொட்டும் கருகிக் கிடந்தன. "அந்த இடத்துல என்ன இருந்துச்சு, வெறும் மண்ணுதானே" என்றார். அந்த மே மாதமும் கோப்பை வாங்கினார். அதையும் நான்தான் துடைத்தேன்.

இதற்கும் பொங்கல் குழம்புக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

நிழலுக்கு ஏதாவது கட்ட வேண்டும். பச்சை வலை கடையில் கிடைக்கும், ஆனால் அவருடைய பழைய எட்டு முழ வேட்டி வீட்டிலேயே கிடக்கிறது. பீரோவைத் திறந்தேன். அவருடைய திருநீற்று வாசம். மூடிவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பவும் திறந்தேன், வேட்டியை எடுக்க வேண்டுமே.

மார்ச் 9, ஞாயிறு

இன்றும் ஒன்றும் முளைக்கவில்லை. காபி மட்டும் இரண்டு டம்ளர் போட்டுவிட்டேன். பால் அதிகமாக இருந்தது.

மார்ச் 19, புதன்

காலையில் கதவைத் திறந்தால் பின்பக்கம் காட்டெருமை. கேட்டைத் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறது. கொடைக்கானலில் இது புதிதில்லை, பஸ் ஸ்டாண்டிலேயே நிற்கும். ஆனால் இது நின்ற இடம் என் வேலிக்கு ஒரு முழம் தள்ளி. நிழலுக்குக் கட்டியிருந்த வேட்டியின் ஒரு ஓரத்தை வாயில் வைத்து மென்றுகொண்டிருந்தது. அதன் முன்கால் ஒன்று போதும், மூன்று வருடக் கிழங்கு கூழாகிவிடும்.

பரிமளம் ஜன்னலிலிருந்து, "உள்ள போங்கக்கா! முட்டிரும்!" என்று கத்தினாள்.

கையில் எதுவும் இல்லை. ஹாலுக்கு ஓடி, கைக்கு வந்த பெரிய கோப்பையை எடுத்து வந்து தோசைக் கரண்டியால் தட்டினேன். அது என்னைத் திரும்பிப் பார்த்தது. நானும் பார்த்தேன். "நான் இருக்கிற கோபத்துக்கு நீ வேற வராத, போயிரு" என்றேன். இன்னும் இரண்டு தட்டு. பெரிய மனுஷத்தனமாகத் திரும்பி, மெதுவாக நடந்து போய்விட்டது.

கோப்பை ஒரு பக்கம் நசுங்கிவிட்டது. நசுங்கிய பக்கத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன்.

மார்ச் 30, ஞாயிறு

மதினி போன்.

"குணா, இவனக் கூட்டிட்டுப் போ தாயி. இங்க வெயில் மண்டையப் பொளக்குது. நாற்காலியத் தூக்கிக்கிட்டு நாளெல்லாம் நிழலு நிழலுன்னு அலையிறான். காலையில வேம்புக்குக் கீழ, மத்தியானம் மாட்டுக் கொட்டாய்க்குக் கீழ. பிரிச்சுப் போட்ட பந்தல நேத்து அவனே திரும்பக் கட்டுனான்."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டு, "அவரு சொன்ன பூ இன்னும் வரல மதினி. வந்ததும் சொல்லி அனுப்புறேன்" என்றேன்.

"பூவும் வேணாம் காயும் வேணாம். வந்து கூப்பிட்டா வந்துருவான்."

"நான் எதுக்குக் கூப்பிடணும்? நானா போகச் சொன்னேன்?"

மதினி பெருமூச்சு விட்டார். பக்கத்தில் இன்னொரு பெருமூச்சும் கேட்டது.

ஏப்ரல் 6, ஞாயிறு

மழை! மத்தியானம் இடி இடித்து ஒரு மணி நேரம் கொட்டியது. குடை பிடித்துக்கொண்டு செண்பகத்தடியிலேயே நின்றேன். சருகு நனைந்து நல்ல மணம். வா, வா என்று வாய்விட்டே சொன்னேன். பரிமளம் ஜன்னலிலிருந்து பார்த்ததைப் பார்த்தேன். பார்க்கட்டும்.

ஏப்ரல் 14, திங்கள்

வருடப் பிறப்பு. மாங்காய்ப் பச்சடி செய்தேன். ஒரு ஆளுக்கு எவ்வளவு வெல்லம் என்று இன்னும் பிடிபடவில்லை.

செண்பகத்தடியில் ஒன்றும் இல்லை. போன வருடம் கருகியதில் கிழங்கே செத்திருக்குமோ? செத்திருந்தால் இத்தனை நாளும் நான் பிணத்துக்குத் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன். அவர் சொன்னதுதான் சரி என்றாகிவிடும். பூ வராவிட்டால் அவரும் வர மாட்டார். வரட்டும், வராமல் போகட்டும், எனக்கென்ன.

இதை எழுதும்போது கண்ணில் ஏதோ தூசி.

ஏப்ரல் 17, வியாழன்

வந்துவிட்டது!

சருகைத் தள்ளிக்கொண்டு விரல் நீளத்துக்கு ஒரு முனை. விரியன் தோல் மாதிரி புள்ளி புள்ளியாக, கூராக. எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்றுகூடத் தெரியாமல் ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். உயிரோடுதான் இருந்திருக்கிறது. என்னோடு பேசாமல் இருந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஏப்ரல் 18, வெள்ளி

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

காலையில் பரிமளம் கறிவேப்பிலை பறிக்க வந்தாள். முனையைப் பார்த்து, "பாம்பு!" என்று அலறினாள். கையைப் பிடித்து இழுத்துக் காட்டினேன், செடி என்று. குனிந்து பார்த்தாள். தொட்டுப் பார்த்தாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"அக்கா, செடி ரூபத்துல வந்திருக்கா. நாகம்மா! அதுவும் வெள்ளிக்கிழமை!"

நான் குளித்துவிட்டு வருவதற்குள் முனைக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, அரை லிட்டர் பாலும் ஒரு முட்டையும் ஊற்றியிருந்தாள். பாலுக்கு எறும்பு வரும், முட்டைக்குக் கீரி வரும், இரண்டும் சேர்ந்தால் கிழங்கு அழுகும். எனக்கு உச்சந்தலை வரை சூடேறியது. ஆனால் சாமி என்று கும்பிடுகிறவளைத் திட்ட எனக்கு நாக்கு வரவில்லை. நானும் வெள்ளிக்கிழமை விளக்கேற்றுகிறவள்தான்.

"பரிமளம், பால் ஊத்தாத. ராத்திரி கனவுல வந்து சொன்னா. அவ காட்டுல இருந்தவ. சருகுதான் வேணுமாம். காஞ்ச செண்பகச் சருகு, மக்குன ஓக் சருகு, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டேன்.

இப்படி ஒரு பொய் எனக்குள் இருந்தது எனக்கே தெரியாது.

ஏப்ரல் 25, வெள்ளி

தெருப் பெண்கள் எல்லாரும் வந்தார்கள், ஆளுக்கு ஒரு கூடைச் சருகோடு. இரண்டு பேர் மேல்ரோட்டு ஓக் மரத்தடிவரை போய் வாரிக்கொண்டு வந்திருக்கிறார்கள். இந்த மாதிரிச் சருகை நான் காசு கொடுத்துத் தேடியும் கிடைக்கவில்லை. வரிசையாக வந்து போட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். வலது பக்கம் கொஞ்சம் குறைவாக இருக்கிறது என்று அம்மன் சார்பில் நானே சொன்னேன்.

பாவமாகவும் இருக்கிறது. ஆனால் முனை ஒரு முழத்துக்கு வளர்ந்து, இலை குடை மாதிரி விரிந்துவிட்டது.

மே 1, வியாழன்

இலைக்குப் பக்கத்தில் மொட்டு. சுருட்டி வைத்த பச்சைக் காகிதம் மாதிரி இருக்கிறது. தினமும் காலையில் காபியை எடுத்துக்கொண்டு போய் அதன் பக்கத்தில் உட்காருகிறேன். ஏதாவது சொல்வேன். விலைவாசி, தூக்கம் வராதது, இந்த மாதிரி. அது குறுக்கே பேசுவதில்லை. அதனால் கொஞ்சம் சலிப்பாகவும் இருக்கிறது.

மே 4, ஞாயிறு

பூத்துவிட்டது.

பச்சைப் படம், அதில் வெள்ளை வரிகள், உள்ளே இருந்து நாக்கு மாதிரி ஒரு நீண்ட வால். தரையிலிருந்து ஒரு முழத்துக்கு மேலே, செண்பக நிழலில், என்னை நேராகப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. அழகு என்றால் அவர் டாலியா மாதிரி அழகு இல்லை. திரும்பிப் போக முடியாது, அந்த மாதிரி அழகு.

சொல்ல வேண்டும். அன்றைக்கு வருகிறேன் என்றாரே. பெரியகுளத்து நம்பரைப் போட்டேன், மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன். திரும்பப் போட்டேன், திரும்ப வைத்தேன். ஊரில் சண்டை போட்டவர்களுக்கெல்லாம் லைன் கொடுத்த கை இது.

கடைசியில் பரிமளத்தைக் கூப்பிட்டு, "பாரு, படம் விரிச்சு நிக்குது. உங்க அண்ணனுக்கு மட்டும் போன் பண்ணிச் சொல்லிராத" என்றேன். சொல்லாதே என்றால் அவள் சாயங்காலத்துக்குள் சொல்லிவிடுவாள்.

மே 7, புதன்

அவர் வரவில்லை. பரிமளத்திடம் ஜாடையாகக் கேட்டேன். "சொல்ல வேணாம்னீங்கள்ல, அதான் நேத்துவரைக்கும் அடக்கிக்கிட்டே இருந்தேங்க்கா. இன்னைக்குச் சாயங்காலந்தான் முடியாம சொல்லிட்டேன்" என்றாள். பாவம், மூன்று நாள் தாக்குப்பிடித்திருக்கிறாள். அவளை நான் குறைவாக எடைபோட்டுவிட்டேன்.

ரவா லட்டு பிடித்தேன். சும்மாதான்.

மே 8, வியாழன்

காலையில் ரேஷன் கடைக்குப் போய்விட்டு வந்தேன். கேட் திறந்து கிடந்தது. வாசலில் டிரங்குப் பெட்டி. படியில் ஒற்றைச் செருப்பு. பின்பக்கமிருந்து அவர் குரல்.

"வராத! அங்கேயே நில்லு குணா! ஒண்ண அடிச்சுட்டேன், ஜோடி எங்கயோ இருக்கு!"

துவைக்கிற கல்லின் மேல் ஏறி நின்றுகொண்டிருந்தார். கழுத்தில் மப்ளர், வேட்டி தொடை வரை, கையில் என் வேலியிலிருந்து பிடுங்கிய டாலியாக் கம்பு. வேலி சாய்ந்து கிடந்தது. சருகு நாலு பக்கமும் சிதறியிருந்தது. அதன் நடுவில் என் பூ, தலை அறுந்து, மல்லாந்து கிடந்தது.

எண்ணெய்ப் பையைக் கீழே வைத்தேன்.

"அது பூங்க" என்றேன்.

"என்னது?"

"பாம்புப் பூ. வரட்டும்னு சொல்லிட்டுப் போனீங்கள்ல, அது."

கல்லிலிருந்து மெதுவாக இறங்கினார். கம்பின் நுனியால் தொட்டார். பிறகு கையில் எடுத்தார். திருப்பிப் பார்த்தார். அப்படியே சருகில் உட்கார்ந்துவிட்டார்.

"பரிமளம் நாகம்னுதான் சொல்லுச்சு. படமெடுத்து நிக்குது, நீ தெனமும் அது பக்கத்துல உக்காந்து பேசிக்கிட்டிருக்கன்னு சொல்லுச்சு. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. முதல் பஸ்ஸுல ஏறுனேன்."

பரிமளத்தைக் குற்றம் சொல்ல முடியுமா? நாகம்மா என்று அவள் நம்பினாள், சருகுக்கு ஆசைப்பட்டு நானும் நம்பவிட்டேன்.

"உங்களுக்குப் பயமா இல்லையா?"

"இருந்துச்சு. இன்னும் இருக்கு" என்றார்.

பல்லியைக் கண்டாலே நாற்காலி மேல் ஏறுகிற மனிதர் இவர். நாகப்பாம்பு என்று நினைத்து, ஒரு கம்பை மட்டும் வைத்துக்கொண்டு, என் பக்கத்தில் அது இருக்கக் கூடாது என்று போய் அடித்திருக்கிறார். பூவைப் பார்த்தால் வயிறு எரிந்தது. அவரைப் பார்த்தால் சிரிப்பு வந்தது. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து விக்கல் பிடித்துக்கொண்டது. தண்ணீர் கொண்டுவர எழுந்து ஓடினார், ஓடும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ" என்றார். ஊரெல்லாம் நான் சொல்லி வைத்திருந்த முழங்கால் வலி கடைசியில் நிஜமாகவே வந்துவிட்டது.

இலை தப்பியது. நல்லவேளை. இலை இருந்தால் கிழங்குக்குச் சாப்பாடு போகும்.

மே 9, வெள்ளி

கூடைகளோடு வந்த பெண்கள் அறுந்த தண்டைப் பார்த்து வாயில் கை வைத்தார்கள்.

"நாகத்தப் போயி அடிச்சுட்டீங்களே அண்ணே! குலத்துக்கே ஆகாதே!" என்று பரிமளம் அழவே ஆரம்பித்துவிட்டாள். இவர் வெலவெலத்துப் போய் என்னைப் பார்த்தார்.

எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள், கனவு எனக்குத்தானே வருகிறது. நான் கொஞ்சம் கண்ணை மூடினேன்.

"வேர்ல அவ அப்படியே இருக்கா. கோபம் இல்லையாம். பரிகாரம் மட்டும் செய்யணுமாம். வாரம் ஒரு மூட்டைச் சருகு, அவரே வாரி, அவரே சுமந்துட்டு வரணும். செண்பக மரத்துல இனி ஒரு கிளையத் தொடக் கூடாது."

"அவ்வளவுதானா?" என்றார் இவர்.

"ஆயுசுக்கும்" என்றேன்.

மே 12, திங்கள்

கோப்பையின் நசுங்கிய பக்கத்தைக் கண்டுபிடித்துவிட்டார். யார் செய்தது என்றார். காட்டெருமை என்றேன். அது பொய்யில்லை.

சாயங்காலம் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு செண்பகத்தடிக்குப் போனார். ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். "இங்க நல்லாத்தான் இருக்கு" என்றார். நான் கேட்காத மாதிரி இருந்தேன், இன்னொரு தடவை சொல்லட்டும் என்று. சொன்னார்.

முன்வாசல் தொட்டியைத் தாண்டித்தான் தினமும் போய் வருகிறார். அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வள்ளிக்கிழங்கு இப்படித் தண்டு விட்டு மொட்டு வைக்குமா என்றுகூடக் கேட்கவில்லை. ஒரு கம்பு மட்டும் நட்டுக் கட்டிவிட்டிருக்கிறார்.

மே 18, ஞாயிறு

தொட்டியில் பூத்துவிட்டது. சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு, மஞ்சளில். இவருடைய டாலியாக்களிலேயே இவருக்கு உயிரான ஒன்று, மஞ்ச ராணி என்று இவரே பேர் வைத்தது.

நான் அடுப்படியில் சாம்பார் தாளித்துக்கொண்டிருந்தேன். வாசலிலிருந்து, "குணா, இதோட சீட்டக் கொண்டா, கட்டிவிடுறேன்" என்றார். வேலை நினைப்பில் பூஜை அலமாரி டிராயரைத் திறந்து, தகரச் சீட்டை எடுத்துக்கொண்டு போய்க் கையில் கொடுத்தேன்.

கொடுத்த பிறகுதான் உறைத்தது.

சீட்டைப் பார்த்தார். பூவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"பல்பு இல்லாத ரூம்ல, கம்பி எது வேர் எதுன்னு தெரியாத இருட்டுல, சரியா மஞ்ச ராணிய மட்டும் தனியா எடுத்து வச்சிருக்க" என்றார்.

"சாம்பார் அடிபிடிக்குது" என்று உள்ளே வந்துவிட்டேன்.

அடுப்படியில் நின்றுகொண்டு பெட்டி எடுக்கிற சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். பயமாகத்தான் இருந்தது, மறைக்காமல் எழுதுகிறேன். பெட்டிச் சத்தம் வரவில்லை. பின்பக்கமிருந்து டொக் டொக் என்று ஏதோ அடிக்கிற சத்தம் வந்தது. கொஞ்சம் கழித்து நிதானமாகச் சருகு கூட்டுகிற சத்தம்.

அவர் குளிக்கப் போன பிறகு போய்ப் பார்த்தேன். செண்பகத்தடியில், பாம்புப் பூ இலைக்குப் பக்கத்தில் டாலியாக் கம்பு ஒன்று நட்டிருந்தது. அதில் புதிதாக வெட்டிய தகரச் சீட்டு, அவருடைய கோணல் கையெழுத்து.

"கிழங்கு. குழம்புக்கு அல்ல."

உள்ளே வந்து காபி போட்டேன். இரண்டு டம்ளர். பால் சரியாக இருந்தது.